மாதாவோடு கிளம்பிப் போன ஆர்.சி. புக்

28 செப்டம்பர் 2002, சனி

காசிமேட்டிலிருந்து வண்ணாரப்பேட்டை மார்க்கெட் வரைக்கும் மூன்று மீன்கார அக்காக்கள், அவர்களுடைய கூடைகள், நான். வழி முழுக்கச் சிரிப்பு. நான்காவதாக ஒரு அக்கா தொற்றிக்கொள்ளப் பார்த்தார். "மூணு பேருக்குதான் பர்மிட்டுக்கா" என்றேன். "இன்னாடி, ஆட்டோ ஓட்ட வந்தியா, போலீஸ் வேலைக்கு வந்தியா?" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். கன்னத்தில் இன்னும் வஞ்சிர வாசனை.

காக்கிச் சட்டை போட்டாலே எனக்குத் தலைகால் புரிவதில்லை. ஆட்டோ வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பின்னால் 'மாதா துணை', அதற்குக் கீழே சின்னதாக 'ஆன்சி'. என் பெயர்! எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைத்துக் கிடந்தேனே, ஒரு சட்டையிலாவது என் பெயர் போட்டார்களா?

ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்துல் வஹாப் சார் சொன்னதை தினமும் காலையில் ஜெபமாலை மாதிரி சொல்லிக்கொள்கிறேன். லைசென்ஸ், பேட்ஜ், ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி., புகை சர்டிஃபிகேட். லைசென்ஸ் சட்டைப்பையில். பேட்ஜ் நெஞ்சில். மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கவரில், சீட்டுக்கு அடியில். "போலீஸ் கை காட்டினா மூணு வேலமா. வண்டிய ஓரங்கட்டு, இன்ஜின ஆஃப் பண்ணு, வாயையும் ஆஃப் பண்ணு." மூன்றாவதுதான் எனக்குக் கஷ்டம்.

அப்பா வைத்த கண்டிஷனை இங்கேயும் எழுதி வைக்கிறேன், மறந்துவிடக் கூடாது. "ஒரே ஒரு தபா போலீஸ் உன்ன ஓரங்கட்டி பேப்பர் இல்லன்னு சொன்னான்னு வை, அன்னிக்கே சாவி என் கைக்கு வந்துடணும். வண்டி பாஸ்கர் கைக்குப் பூடும். நீ பட்டன் தெக்கப் போலாம்." பாஸ்கர் மூலைக்கடையில் ஆட்டோக்களை வாடகைக்கு விடுகிறவர். என் வண்டி மேல் அவருக்கு ஒரு கண். பார்க்கும்போதெல்லாம் டயரை உதைத்துப் பார்க்கிறார். அது என்ன பழக்கமோ.

அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறார். கன்டெய்னரையே தூக்கி வைக்கிற மனுஷன், இதுவரை என் ஆட்டோவில் உட்காரவில்லை. அவருக்கு அவருடைய டிவிஎஸ் பிஃப்டி மொபெட்தான். அதிலும் மெயின் ரோட்டுக்கு வரவே மாட்டார். சூரியநாராயணா தெரு, அதற்குப் பின்னால் சந்து, சந்துக்குள் சந்து. கேட்டால் "டோல்கேட் பக்கம் ஒரே லாரிமா, புழுதி" என்பார். கன்டெய்னர்காரருக்கு லாரி பயமாம்!

30 செப்டம்பர், திங்கள்

கல்மண்டபத்தில் ஒருவர் கை காட்டி நிறுத்தி, குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, லேடீஸா" என்று நடந்தே போய்விட்டார். நல்ல வெயில். போகட்டும், உடம்புக்கு நல்லது.

8 அக்டோபர், செவ்வாய்

ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாக வருகிறது. இன்று எங்கள் முறை. மரப்பெட்டிக்குள் நீலப் பட்டு விரித்து மாதா நிற்கிறார். அந்தப் பட்டுக்கு அடியில் வேண்டுதல் சீட்டு வைப்பது எங்கள் தெரு வழக்கம். மாசக் கடைசியில் கோயில் வளாகத்து மாதா கெபி முன்னால் எல்லாச் சீட்டையும் எரித்துவிடுவார்கள். யார் என்ன கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, மாதாவுக்கு மட்டும்தான்.

எங்கள் தெரு ஜெபக் குழுவுக்கு, அதான் அன்பியத்துக்கு, தலைவரான சாவியோ அண்ணன் பாட்டை எப்போதும்போல உயரத்தில் ஆரம்பித்துவிட்டு நடுவில் இறங்க வழி தெரியாமல் நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மா தொடையில் கிள்ளினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டே "ஆன்சி" என்றார். பன்னும் டீயும் கொடுத்து அனுப்பினோம்.

அம்மா மட்டும் ராத்திரி வெகுநேரம் மாதா முன்னால் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

9 அக்டோபர், புதன்

சாயங்காலம் மாதாவைப் பிலோமினா அத்தை வீட்டுக்கு வழியனுப்பினோம். அம்மா வாசல்வரை வந்து, எதையோ மறந்த மாதிரி நின்றாள். என்னம்மா என்றேன். "ஒண்ணியும் இல்லடி, அடுப்புல பாலு" என்று உள்ளே போய்விட்டாள்.

10 அக்டோபர், வியாழன்

ஐயோ. ஐயோ. ஐயோ.

அழுகை வருகிறது, நடுவில் சிரிப்பும் வருகிறது. எது முதலில் என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

டோல்கேட் சிக்னல். ஹெட் கான்ஸ்டபிள் ரஷீது, மீசைக்காரர், கை காட்டினார். எனக்கென்ன பயம்? கையில் எல்லாப் பேப்பரும் இருக்கிறவள் எதற்குச் சந்துக்குள் நுழைய வேண்டும்? உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட, இத்தனை நாள் யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது. ஓரங்கட்டினேன். இன்ஜினை ஆஃப் செய்தேன். வாயையும்! லைசென்ஸை நீட்டினேன். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். "பேப்பரு?" ராணி மாதிரி சீட்டைத் தூக்கி, பிளாஸ்டிக் கவரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

திறந்தார்.

முதலில் ஒரு மாதா படம் வந்தது. அப்புறம் நவநாள் ஜெபச் சீட்டு. அப்புறம் காய்ந்த மல்லிகை. கடைசியில் வேளாங்கண்ணித் தீர்த்தம், குட்டி பாட்டிலில்.

"இன்னாமா இது? ஆர்.சி. எங்க?"

சீட்டுக்கு அடியில் மறுபடியும் கையை விட்டுத் துழாவினேன்.

"ஓனரு யாரு, மாதாவா? இன்சூரன்ஸும் அவங்களேவா?"

பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் சிரிப்புதான் வெளியே வந்தது. அழவேண்டிய இடத்தில் சிரிக்கிற இந்தப் பாழாய்ப்போன புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது? "சிரிக்கிறியா?" என்றார் ரஷீது. "இல்ல சார், அழுவுறேன் சார்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவர் எஸ்.ஐ.யிடம் கூட்டிப்போனார். எஸ்.ஐ. நல்ல மனுஷன். லைசென்ஸும் பேட்ஜும் சரியாக இருக்கிறது, மற்றதையெல்லாம் பதினைந்து நாளைக்குள் ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்டு என்று வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார். "பேப்பரு இல்லாம வண்டிய எடுக்காத. அடுத்த தபா கேஸு" என்றார். தீர்த்த பாட்டிலை ரஷீது பத்திரமாக மூடி என் கையில் வைத்தார். அதைக் கலீஜ் பண்ணாமல் பிடித்திருந்தார், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால், அப்பாவின் கண்டிஷன்? போலீஸ் ஓரங்கட்டியாச்சு. பேப்பர் இல்லை என்று சொல்லியாச்சு. ஐயோ என் வண்டி.

மீண்டும், சாயங்காலம்

அம்மாவை அடுப்படியில் பிடித்தேன். கவரைக் காட்டினேன். அம்மா முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

"மாதா காலுக்கு அடியில வெச்சிக்கிறேன்டி. ஒரு ராவு இருந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. காலையில எடுத்துடலான்னுதான்... மறந்து பூட்டேன்."

"இது ஏன் கவர்ல?"

"வெறுங்கவரா வண்டியில இருந்தா நல்லாவா கீது?"

அதாவது, ஆர்.சி., இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்.சி., புகை, எல்லாம் நீலப் பட்டுக்கு அடியில், மாதாவோடு, ஊர்கோலமாக! நேற்று முழுக்க நான் மாதா படத்தை வைத்துக்கொண்டு ராயபுரத்தைச் சுற்றியிருக்கிறேன். தினமும் பார்க்கிறவள், கவர் கனமாக இருக்கிறதே என்று தொட்டுப் பார்த்ததோடு விட்டேன். தொட்டால் போதுமா? திறக்க என்ன கேடு?

இரண்டு பேரும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பிலோமினா அத்தை வீட்டுக்கு ஓடினோம். அத்தை வாசலில் பன் தின்றுகொண்டிருந்தார். "மாதாவா? இப்பதான் போனாங்க." எங்கே? சாவியோ அண்ணனின் தங்கை எண்ணூரில் உடம்பு முடியாமல் இருக்கிறாளாம், வரிசையை மாற்றி மாதாவை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். எண்ணூருக்கு! என் பேப்பர் என்னைவிட அதிகமாக ஊர் சுற்றுகிறது.

மாசக் கடைசியில் எரிப்பார்கள் என்று அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே, அது சீட்டு இல்ல தாயே, ஆர்.சி. புக்கு" என்று எண்ணூர் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம்.

11 அக்டோபர், வெள்ளி

வண்டியை எடுக்கவில்லை, பஸ்ஸில் எண்ணூர் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிறாங்க, நாளைக்கி காலையிலதான் வருவாங்க" என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே மேசை மேல் மாதா பெட்டி. கதவு சாத்தியிருக்கிறது, பெட்டிக்கும் வீட்டுக்கும். கைக்கெட்டும் தூரத்தில் என் ஆர்.சி. புக். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு பெரியவர், "பக்தியான பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைக்குக் காலையில் போய் எடுத்துவிடலாம், அப்பாவுக்குத் தெரியவே வேண்டாம், என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால்... அப்பா வாசலில் டிவிஎஸ் பிஃப்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியிலிருந்து சாவியோ அண்ணன், பாட்டு பாடுகிற அதே தொண்டையில்:

"ஆன்சி! மாதாவாண்ட மாட்டிக்கின ஆர்.சி. புக்கு கெடச்சுதா? போலீஸ் வுட்டுட்டானா?"

பிலோமினா அத்தை சொல்லியிருக்க வேண்டும். தெரு முழுக்கக் கேட்டது. ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்பா துடைப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சாப்பிட்டார், கை கழுவினார், படுத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. நாளைக்குக் காலையில் சாவியைக் கேட்பார். கொடுத்துவிடுவேன். வாக்கு வாக்குதான். ஆனால் எனக்கு அந்த வண்டி வேண்டும். வேண்டும், வேண்டும். பட்டன் தைக்கிற ஹாலில் ஜன்னல்கூட இல்லை. அதை எப்படிச் சொல்வேன் அவரிடம்?

12 அக்டோபர், சனி, காலை

ஆணியில் சாவி இல்லை. அப்பாவும் இல்லை, டிவிஎஸ் பிஃப்டியும் இல்லை. இன்று அவருக்கு ஷிஃப்டும் இல்லை.

அம்மாவைக் கேட்டேன். "விடியக்காலையிலயே கெளம்பிட்டாருடி. எங்கன்னு சொல்லல." மூலைக்கடைக்குத்தான் போயிருப்பார். பாஸ்கருக்குக் கொண்டாட்டம். ஆட்டோ வாசலில் நிற்கிறது, அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போய் ஒருமுறை ஹாரனை அமுக்கிப் பார்த்தேன். பைத்தியம்.

அதே நாள், மத்தியானம்

எழுதாமல் இருக்க முடியவில்லை. சோறுகூடச் சாப்பிடவில்லை.

எஸ்.டி.டி. பூத் வரலட்சுமி அக்கா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "ஆன்சி! டோல்கேட்லேர்ந்து போனு, போலீஸு! உடனே வரணுமாம்!" இன்னும் என்ன பாக்கி? கண்ணில் பட்ட ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போனேன்.

டோல்கேட்டில் போலீஸ் நிழற்குடைக்கு அடியில், ஸ்டூலில், கையில் டீ கிளாஸோடு, அப்பா.

பக்கத்தில் டிவிஎஸ் பிஃப்டி ஸ்டாண்ட் போட்டு நிற்கிறது. ரஷீது இடுப்பில் கை வைத்து நிற்கிறார். அப்பா தலை நிமிரவில்லை. கொட்டுகிற மழையிலும் ஐம்பது அடி உயரத்தில் கிரேன் கேபினில் உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஒரு ஸ்டூலில் இவ்வளவு சின்னதாகத் தெரிவாரா?

"வாமா" என்றார் ரஷீது. "உன் நைனாவா இவுரு? லைசென்ஸ் கேட்டேன். இத்த குடுத்தாரு." அவர் கையில் ஹார்பர் பாஸ். போட்டோ ஒட்டின அந்தப் பழைய பாஸ்! "இது ஹார்பர் கேட்டுக்கு பெரியவரே, ரோட்டுக்கு இன்னா கீதுன்னேன். இத்தினி வருசமா இத்த காட்டித்தான் போய்கினு கீறேன்றாரு."

நான் ஒன்றாம் வகுப்பு போகும்போதே அப்பா அந்த வண்டியில்தான் என்னைக் கொண்டுபோய் விடுவார். லைசென்ஸே கிடையாதாம்! ஒரு நாளும் எடுத்ததே இல்லையாம்! சூரியநாராயணா தெரு, சந்துக்குள் சந்து, லாரி, புழுதி... இப்போது புரிகிறதா ஆன்சி? புழுதியாம், புழுதி!

"இன்னும் கேளு. வேற இன்னா கீதுன்னு கேட்டேன். சட்டைக்குள்ளேர்ந்து இத்த எடுத்தாரு." அவர் நீட்டினது, என் ஆர்.சி. என் இன்சூரன்ஸ். பர்மிட். எஃப்.சி. புகை. ஓரத்தில் மெழுகுவர்த்தி சொட்டியிருந்தது. "ஆட்டோவுக்கு எல்லாம் பக்காவா கீது. ஓட்டிகினு வந்தது மொபெட்டு! அதுக்கு ஒண்ணியும் இல்ல. பேரப் பாத்தேன், ஆன்சி அருள்நாதன். அட, நம்ம மாதா பொண்ணு!"

விடியற்காலையிலேயே சாவியோ அண்ணனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு எண்ணூர் போய், அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்து வாங்கியிருக்கிறார். திரும்பும்போது சந்து சந்தாகச் சுற்றாமல் நேரே மெயின் ரோட்டில், அதுவும் டோல்கேட் வழியாக. அப்பா! டோல்கேட் வழியாக!

"இன்னாத்துக்குப்பா இந்தப் பக்கம் வந்தே?" என்றேன்.

"சீக்கிரம் வரலாம்னு" என்றார் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே. "நான் வர்றதுக்குள்ள நீ வண்டிய எடுத்துடுவியோன்னு சாவிய கைலயே எடுத்துகினு போயிட்டேன். பேப்பரு இல்லாம நீ ரோட்ல நிக்கக் கூடாதில்ல."

பாஸ்கரிடம் போகவே இல்லை. நான் நிற்கக் கூடாது என்று அவர் நின்றிருக்கிறார். நடு டோல்கேட்டில் போலீஸ்காரர் முன்னாலேயே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். இந்த முறை நிஜமாகவே அழுகைதான் வந்தது. அப்பா டீ சிந்தாமல் கிளாஸைத் தூக்கிப் பிடித்தார். "அய்ய, வுடுமா, ஜனம் பாக்குது" என்றார். ஜனம் பார்த்தது. அன்றைக்குச் சிரித்த லாரி டிரைவர் மாதிரியே இன்னொருவர் சிரித்தார்.

எஸ்.ஐ. வந்து அபராதம் எழுதினார். அப்பா மறுபேச்சு பேசாமல் கட்டி, ரசீதைக் கேட்டு வாங்கி நான்காக மடித்தார். டிவிஎஸ் பிஃப்டியின் ஆர்.சி. வீட்டில் பீரோவில் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவந்து காட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டக் கூடாது, லைசென்ஸ் உள்ள யாராவது எடுத்துப் போகலாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டூவீலருக்கும் சேர்த்து வாங்கின லைசென்ஸை நான் சட்டைப்பையிலிருந்து உருவி எடுத்தேன் பாருங்கள், அந்த ஸ்டைலை வேறு யாராலும் செய்ய முடியாது.

அப்பா பின்னால் உட்கார்ந்தார். மெயின் ரோட்டிலேயே வந்தோம். வழி முழுக்க "பிரேக்க மெதுவா புடி", "அதோ மாடு", "இண்டிகேட்டர் போட்டியா?" டிவிஎஸ் பிஃப்டிக்கு ஏதப்பா இண்டிகேட்டர்!

வீட்டு வாசலில் இறங்கி, ஆட்டோ சாவியை என் கையில் வைத்தார். சாவி சுட்டது, வழி முழுக்கக் கைக்குள்ளேயே பிடித்திருந்திருக்கிறார்.

எண்ணூரில் சாவியோ அண்ணனின் தங்கை வீட்டில் சொன்னதாக அப்பா இப்போதுதான் சொன்னார்: பட்டுக்கு அடியில் அந்தப் பேப்பரைப் பார்த்துவிட்டு, யாரோ புது ஆட்டோ வேண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, அவர்களும் எனக்காக ஒரு ஜெபமாலை சொல்லியிருக்கிறார்களாம்.

14 அக்டோபர், திங்கள்

அப்பாவும் நானும் சேர்ந்தே ஸ்டேஷன் போய்ப் பேப்பர்களைக் காட்டிவிட்டு வந்தோம். என் ஆட்டோவில்தான் போனோம். அப்பா முதல்முறையாக ஏறினார். நடுவில் உட்காராமல் ஓரமாக, விருந்தாளி மாதிரி.

20 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்ததிலிருந்து அப்பாவுக்குப் பாடம். சிக்னல் படங்களை வரைந்து காட்டுகிறேன். வட்டத்துக்குள் ஹாரன், மேலே கோடு. "இது இன்னாப்பா?" "ஊதக் கூடாது." முக்கோணத்துக்குள் ஒரு கார், அதன் பின்னால் வளைந்து வளைந்து கோடுகள், வழுக்குகிற ரோடு. "இது?" ரொம்ப நேரம் பார்த்தார். "ஹார்பர்ல இது இல்லமா" என்றார்.

அம்மா, "மாதா காலுல வெக்கட்டுமா அந்தப் படத்த?" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "வேணாம்!" என்று கத்தினோம்.

11 நவம்பர், திங்கள்

எல்.எல்.ஆர். வாங்கிவிட்டார்!! போட்டோவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார். 'எல்' போர்டைத் தானே சிவப்பு பெயின்ட் அடித்தார். கிரேனுக்குப் போடுகிற அளவில். நம்பர் பிளேட் தெரியவில்லை, மறுபடி சின்னதாக அடிக்கச் சொன்னேன்.

17 நவம்பர், ஞாயிறு

சாயங்காலம் அப்பா ஓட்ட, நான் பின்னால். முன்னாலும் பின்னாலும் 'எல்' போர்டு. "எங்கப்பா போறோம்?" என்றேன். கல்மண்டபம் தாண்டி நேரே டோல்கேட்.

கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. ரஷீது நடுரோட்டில் நின்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்கிறார். எங்களைப் பார்த்து, போங்க போங்க என்று கை வீசினார். அப்பா போகவில்லை. வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜினை ஆஃப் செய்தார். சட்டைக்குள்ளிருந்து புது பிளாஸ்டிக் கவரை எடுத்தார். எல்.எல்.ஆர்., ஆர்.சி., இன்சூரன்ஸ், புகை, ஒவ்வொன்றாக எடுத்து விசிறி மாதிரி விரித்து நீட்டினார். கடைசியில் ஒரு மாதா படம். அம்மா வேலை.

ரஷீது பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். "யோவ் நைனா, நான் உன்ன நிறுத்தவே இல்லியே! பின்னாடி லாரி நிக்கிது, கெளம்புயா!"

"பாத்துட்டியா? எல்லாம் கீதா?"

"எல்லாம் கீது, எல்லாம் கீது. போ!"

அப்பா நிதானமாக ஒவ்வொன்றையும் கவருக்குள் வைத்து மூடி, சட்டைக்குள் செருகி, மிதித்துக் கிளப்பினார். திருவொற்றியூர் வரைக்கும் போய்க் கடற்கரையில் சுண்டல் தின்றோம். இருட்ட ஆரம்பித்தது. திரும்பும்போது கூட்டம் ஜாஸ்தியாக இருக்குமே என்று, "சந்து வழியா போலாமாப்பா?" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றார்.